மலையடிவாரத்தில் காத்திருந்த தகப்பன்



தபசுகாலத்து இரண்டாம் ஞாயிறுதோறும் பூசையில் வாசிக்கப்படும் சுவிசேஷம் உங்களுக்கெல்லாம் ஏறக்குறைய மனப்பாடம். சேசுநாதர் சுவாமி, இராயப்பரையும் யாகப்பரையும் அருளப்பரையும் கூட்டிக்கொண்டு உயர்ந்த மலையொன்றில் ஏறினார். அங்கே அவர்கள் கண்ணெதிரே மறுரூபமானார். மோயீசனும் எலியாசும் தோன்றி அவரோடு பேசினார்கள். இராயப்பருக்கு இறங்கிவர மனமில்லை, கூடாரம் போட்டுத் தங்கிவிடலாம் என்றார். அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள். ஞாயிறு வாசகம் அவ்வளவோடு நின்றுவிடுகிறது.

இறங்கிய இடத்தில் என்ன நடந்தது என்பதை வாரநாள் பூசைக்கு வருகிற சில பேர்தான் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அது வாசிக்கப்படுவதில்லை. அடிவாரத்தில் ஒரு கூட்டம். நடுவே வியாதிக்காரப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன். மற்ற சீஷர்களிடம் காட்டினான், அவர்களால் குணமாக்க முடியவில்லை. வேதபாரகர் ஒரு பக்கம், சீஷர் ஒரு பக்கம் நின்று தர்க்கம் பண்ணுகிறார்கள். பிள்ளை தரையில் கிடக்கிறான். தர்க்கம் ஓய்ந்தபாடில்லை.

ரபயேல் என்ற இத்தாலிய ஓவியர் 1520-ல் சாவதற்குமுன் கடைசியாக வரைந்த பெரிய படம் இதுதான். ரோமாபுரியில் வத்திக்கான் சித்திரசாலையில் இருக்கிறது. மேல் பாதியில் ஒளிமயமான ஆண்டவர். கீழ்ப் பாதி இருட்டில் அந்தப் பையனும், அவனைத் தாங்கிப் பிடித்திருக்கும் தகப்பனும். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்த அந்த ஓவியர், சுவிசேஷத்தை நம்மில் பலரைக் காட்டிலும் கவனமாய் வாசித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளின் அடிவாரத்தில் குடியிருக்கிற நமக்கு இந்தக் காட்சி விளங்காமல் போகாது. 2025 ஜூலையில் நமது கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டது. ஏறிப் பார்க்க வருகிறவர்கள் வருகிறார்கள். அடிவாரத்துத் தெருக்களில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு, வளர்ந்த மகனையோ மகளையோ காவல் காத்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார் வீட்டை ஏறெடுத்துப் பார்க்கிறவர் யார்?

அந்தப் பையனுக்கு வந்தது வலிப்பு நோயாயிருக்கலாம். அர்ச். மத்தேயு அவனைச் சந்திரனால் பீடிக்கப்பட்டவன் என்கிற பொருள்படக் குறிக்கிறார். பழைய தமிழ்ப் பிரதிகளிலே சந்திரரோகி என்றிருக்கும். நான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வியாதி. மனச்சிதைவு என்று வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று தோன்றும். பெற்ற தகப்பனே சோற்றில் விஷம் வைத்ததாக நம்பிக்கை உண்டாகும். சிலர் பேச்சையும் குளிப்பையும் வேலையையும் விட்டு மூலையில் முடங்கிவிடுவார்கள். ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 20 வயதையொட்டியும், பெண்பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தியும் ஆரம்பிக்கிறது. அதாவது படிப்பு முடிந்து முதல் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் என்று தகப்பன் எண்ணியிருக்கிற அந்தக் காலத்தில்.

இது அபூர்வமான வியாதியென்று நினைக்காதேயுங்கள். உலகத்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவருக்கு உண்டென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. 2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் செஞ்சிப் பேரூராட்சியின் ஜனத்தொகை ஏறக்குறைய 27,000. அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் இந்த ஊருக்குள் மாத்திரம் 90 பேர்! அவர்கள் எங்கே? திருவிழாவில் பார்த்தீர்களா? கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தீர்களா?

அந்தத் தகப்பனுக்கு முதலில் வருகிற சோதனை, இது என் பாவத்தின் பலனோ என்கிற எண்ணம். எந்தப் பாட்டன் செய்த அநியாயமோ என்று உறவினரும் பேசி அந்த எண்ணத்துக்கு நெய் வார்ப்பார்கள். பிறவிக்குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவனுமில்லை, அவனைப் பெற்றவர்களுமில்லை என்று நமது ஆண்டவர் தீர்மானமாய்ச் சொல்லிவிட்டார். இதற்குமேல் யாருடைய அபிப்பிராயம் நமக்கு வேண்டும்? 1948-ஐ ஒட்டிய காலத்தில் தாயின் வளர்ப்பே இந்த வியாதிக்குக் காரணமென்று எழுதிய மேல்நாட்டு வைத்தியர்களும் உண்டு. அந்தக் கொள்கை பிற்பாடு தள்ளுபடியாயிற்று. மூளையின் வேலையில் உண்டாகும் கோளாறு இது. வம்சவழியும் வேறு பல காரணங்களும் சேர்ந்து வருகிறது. குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளின் தகப்பனார் லூயிஸ் மார்ட்டீன், புத்தி தடுமாறி, 1889 முதல் 1892 வரை பிரான்சு தேசத்துக் கான் நகரிலே மனநோயாளிகளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பியதால் வந்த பைத்தியம் என்று ஊர் பேசிற்று. திருச்சபையோ 2015 அக்டோபர் 18-ந் தேதி அவரை அர்ச்சியசிஷ்டர் என்று பிரகடனம் செய்தது.

மலையடிவாரத்துக்குத் திரும்புவோம். பையன் நுரை தள்ளிப் புரளுகிற நேரத்தில் சேசுநாதர் என்ன செய்தார் என்று மாற்கு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உடனே பையனைத் தொடவில்லை. தகப்பன் பக்கம் திரும்பி, இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரித்தார். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒருவரும் அதுவரை அந்த மனிதனைக் கேட்கவில்லை. சிறு பிராயமுதல் என்று அவன் பதில் சொன்னான். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்து சாகப்பார்த்த கதையையெல்லாம் கொட்டினான். எத்தனை இரவு தூங்காமல் கழித்தவன்! பிறகு இரக்கம் கேட்டபோது, அவன்மேல் இரங்கும் என்று கேட்கவில்லை. எங்கள்மேல் என்றான். வியாதி ஒருவனுக்கு, உதவி இரண்டு பேருக்கும் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

நமது வீடுகளில் தாய்க்கு அழ ஓர் இடம் உண்டு. கிணற்றடி உண்டு, அக்காள் தங்கை உண்டு. தகப்பனுக்கு என்ன உண்டு? விடியற்காலைப் பஸ்ஸில் முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ மகனை அழைத்துப்போய் வரிசையில் நிற்பவர் அவர். மல்லாட்டை விற்ற பணம் எங்கே போயிற்றென்று கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். மகன் ராத்திரியில் எழுந்து போய்விட்டால் திண்டிவனம் பஸ் நிலையத்திலும் விழுப்புரம் ரயிலடியிலும் தேடுகிறவர் அவர். சுவிசேஷத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத அர்ச். சூசையப்பரும் மூன்று நாள் அப்படித் தேடினார். டீக்கடையில், பையன் என்ன பண்ணுகிறான் என்று யாராவது கேட்டால், சென்னையில் வேலை என்று ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார். பிறவிக்குருடனுடைய பெற்றோர்கூட, சபைக்குப் பயந்து, அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்கிற மாதிரி நழுவினார்கள். நாக்கு நீண்ட ஊரில் தாய் தகப்பன் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள்.

இராஜாராமர் இந்தக் கோட்டைக்குள் இருந்தபோது முகலாயர் 1690-ல் முற்றுகையிட்டார்கள். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது மதிலின் கனத்தால் மாத்திரமல்ல, மலைமேல் தண்ணீர் இருந்தது, களஞ்சியத்தில் தானியம் இருந்தது. தகப்பன்மாரே, உங்கள் வீட்டு முற்றுகை எட்டு வருஷத்தில் முடிகிறதுமல்ல. உங்கள் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது? ராத்திரி தூக்கம் உண்டா? உங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று? மகனுடைய மாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டு, உங்கள் சர்க்கரை மாத்திரையைப் பாதியாய் உடைத்துத் தின்னவில்லையா? மனவேதனை மறக்கச் சாராயக்கடைப் பக்கம் போகிறவர்களும் உண்டென்று எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டிக்கிறேன். ஆனால் கண்டித்து மட்டும் விட்டுவிடுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை.

வெளியில் சொல்லாத ஒரு செபம் இப்படிப்பட்ட வீடுகளில் உண்டு. சர்வேசுரா, எனக்கு முன்னே அவனை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால், என்னை இன்றைக்கே எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு, பெரும் பாவம் செய்தோமென்று நடுங்குகிறார்கள். வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் மோயீசன், கைக்குழந்தையைச் சுமப்பதுபோல் இந்த ஜனங்களைச் சுமக்க என்னால் ஆகாது, என்னைக் கொன்றுவிடும் என்று முறையிடுகிறார். சர்வேசுரன் அவரைக் கோபிக்கவில்லை. மூப்பர் 70 பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி, பாரத்தை அவர்களுக்கும் பங்கிட்டார். எலியாசும் வனாந்தரத்தில் ஒரு செடியடியில் படுத்துச் சாவைக் கேட்டார். அவருக்குக் கிடைத்தது பிரசங்கமல்ல. தூக்கம், சுட்ட அப்பம், ஒரு குவளை தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி அப்பம். சாவைக் கேட்ட அந்த இரண்டு பேர்தான் மறுரூப மலையில் ஆண்டவருக்கு இருபுறமும் நின்றார்கள். அப்படிப்பட்ட எண்ணம் ஓயாமல் வருகிற தகப்பனார் அதைத் தனியே வைத்துக்கொண்டு புழுங்க வேண்டாம். சுவாமியாரிடம் சொல்லலாம், வைத்தியரிடம் சொல்லலாம். 14416 என்கிற எண்ணுக்குப் போன் செய்தால் அரசாங்கத்தின் டெலி-மானஸ் ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். 2022 அக்டோபரிலிருந்து அது நடக்கிறது.

இனி வைத்தியம். சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரம், வைத்தியனையும் மருந்தையும் உண்டாக்கியவர் சர்வேசுரனே என்று போதிக்கிறது. செபம் செய், வைத்தியனுக்கும் இடங்கொடு என்கிறது. 1952-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் இந்த நோய்க்குப் பலன் தரும் முதல் மருந்தைக் கண்டறிந்து சொன்னதிலிருந்து, சங்கிலியும் பூட்டும் அவசியமற்றுப் போயின. புளியம்பட்டி அர்ச். அந்தோனியார் கோவிலில் கொண்டுபோய்த் தங்கவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. போகவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதேயுங்கள். குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திய மருந்துதான் பலரை மறுபடி விழச்செய்கிறது. தினம் மாத்திரை விழுங்க மறுக்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை போடுகிற ஊசிகளும் உண்டு, வைத்தியரைக் கேளுங்கள். மருந்தினால் உடல் பருத்தாலும், தூக்கம் மிகுந்தாலும் அதையும் அவரிடமே சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றிக் கொடுப்பார்.

வீட்டில் இடைவிடாமல் குறைசொல்லும் குரல் இருந்தால் வியாதி திரும்பிவருவது அதிகம் என்று, 1950-களில் இங்கிலாந்தில் தொடங்கிய ஆராய்ச்சிகள் பல தேசங்களிலும் காட்டியிருக்கின்றன. பகலெல்லாம் படுத்துக்கிடக்கிறான், சோம்பேறி என்று திட்டுகிறோம். அந்த மந்தம் வியாதியின் ஒரு பாகம். காதில் கேட்கிற குரலைப் பொய்யென்று தர்க்கம் பண்ணி ஜெயித்தவர் ஒருவருமில்லை. உண்மையென்று ஒத்து ஊதவும் வேண்டாம். உனக்குப் பயமாயிருக்கிறதா, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றால் போதும். விஷம் வைத்தாய் என்று மகன் சொல்லும்போது, அது வியாதி பேசுகிற பேச்சு. சொல்லுவது எளிது, இருபது வருஷம் சோறு போட்ட கை அதைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் பரிமாறுவது எளிதல்ல என்பதை அறிந்தே சொல்லுகிறேன்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று புத்தி சொல்ல வருகிற பெரியவர்களே, தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள். வியாதியை மறைத்து ஒரு பெண்ணையோ பிள்ளையையோ கட்டிவைப்பது மோசடி. அப்படிப்பட்ட மோசடியால் கிடைத்த சம்மதம் செல்லாமற்போகலாம் என்று 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1098-ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. அதைவிட, அந்த அயலார் வீட்டுப் பெண்ணின் கண்ணீருக்கு யார் கணக்குக் கொடுப்பது?

தகப்பனை ராத்திரியில் எழுப்பி உட்காரவைக்கும் கேள்வி ஒன்றுதான்: எனக்குப் பிறகு? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல், யாரோ சொன்னார்கள் என்று பிள்ளையை ஓர் இல்லத்தில் விட்டு வந்தவர்கள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் அப்படி விடப்பட்டவர்களில் 28 பேர், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓடமுடியாமல், கொட்டகையில் பிடித்த தீயில் வெந்து இறந்தார்கள். அன்று 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, திருச்சபையில் ஆண்டவருடைய மறுரூபத் திருநாள். நமது விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த இல்லம் ஒன்றின்மேல் கொடிய குற்றச்சாட்டுகள் எழுந்து, 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். விட்டுவந்த பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உரிமத்தைக் காட்டச் சொல்லாமல், படுக்கும் இடத்தைப் பார்க்காமல் எங்கும் விடவேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்திருக்கிறது.

உயிரோடிருக்கும்போதே செய்யக்கூடியவை சில உண்டு. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ ஊனம் என்று அரசாங்க ஆஸ்பத்திரி தரும் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள், சம்பாதிக்க இயலாத இப்படிப்பட்ட பிள்ளைக்குக் குடும்பப் பென்ஷன் ஆயுள் முழுதும் கிடைக்க வழி உண்டா என்று விசாரித்து, பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள். 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி காப்பாளரை நியமிக்கலாமென்று சிலர் அலைகிறார்கள். அதில் மனநோய் சேரவில்லை, அலைச்சல்தான் மிச்சம். உயிலெழுதுங்கள். மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்து வெளிப்படையாய்ப் பேசுங்கள், சாவுப் படுக்கையில் கைபிடித்து வாங்குகிற வாக்குறுதியை நம்பி இராதேயுங்கள். ஒரு நோட்டுப்புத்தகத்தில் மருந்துகளின் பெயர், வைத்தியரின் பெயர், அவனுக்குப் பிடித்த சாப்பாடு, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான் என்பதெல்லாம் எழுதிவையுங்கள். அது உங்களுக்கு மட்டுமே தெரிந்த சாஸ்திரம்.

வைத்தியர்களிலும் மோயீசனுக்குக் கிடைத்த பதிலைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1950-களில் அமிர்தசரசு மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் வித்யாசாகர், குடும்பத்தாரை வெளியே நிறுத்தாமல், வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளியோடு தங்கவைத்தார். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடத் தங்கும் ஏற்பாடு நிலைத்தது. கீழ்ப்பாக்கம் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரியைப் பல வருஷம் நடத்திய டாக்டர் சாரதா மேனோன், ஓய்வுபெற்ற பிறகு 1984-ல் சென்னையில் இந்த ஒரு வியாதிக்கென்றே ‘ஸ்கார்ப்’ நிலையத்தை ஏற்படுத்தினார். 98 வயதுவரை வாழ்ந்து 2021-ல் காலமானார்.

இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்னதாக, பெல்ஜியம் தேசத்துக் கீல் என்ற சிற்றூரில் அர்ச். திம்ப்னாவின் கல்லறைக்கு மனநோயாளிகளைக் கொண்டுவந்தார்கள். புத்தி கலங்கிய தன் தகப்பனாலேயே கொலையுண்ட கன்னிகை அவள் என்பது பரம்பரைச் சரித்திரம். கோவிலில் இடம் போதாமற்போகவே ஊர்க் குடியானவர்கள் அவர்களைத் தங்கள் வீடுகளுக்கு அழைத்துப்போனார்கள். அந்த வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. 1938-ஐ ஒட்டி 3,800 பேர்வரை அந்த ஊர் வீடுகளில் தங்கியிருந்தார்கள். அயலார் பிள்ளையை அயலார் வளர்த்தார்கள். நான் உங்களை அவ்வளவு கேட்கவில்லை.

பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் ஞாயிறு சாயந்தரம் போய், எவ்வளவு காலமாய் இருக்கிறது அண்ணே என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை மாற்று யோசனை சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். மாதத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அந்த வீட்டுத் திண்ணையில் நீங்கள் இருந்தால், அவர் கண் பரிசோதனைக்குப் போய் வருவார், அல்லது தூங்குவார். கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். குணமடைந்து வருகிற பிள்ளைகளுக்குக் கமிட்டியில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டுவதோ, கடையில் பொட்டலம் மடிப்பதோ, நாளைக்கு ஒரு மணி நேர வேலை கொடுக்கக்கூடியவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தகப்பனார் மகனோடு கோவிலுக்கு வந்தால், பூசை நடுவில் பிள்ளை எழுந்து வெளியே போகக்கூடும். ஒருவரும் திரும்பிப் பார்க்காதேயுங்கள். வாசலோரம் இருக்கிற வாலிபரில் ஒருவர் எழுந்துபோய் அவனோடு வேப்பமரத்தடியில் நின்றால் போதும், தகப்பனார் நன்மை வாங்கிவிட்டு வருவார்.